மகசினைக் கழற்றினால் துவக்கு காலியா? அரைத் தன்னியக்கப் பிஸ்டல் பற்றி ஓர் எளிய விளக்கம்

திருகோணமலைச் சனத்துக்குத் துவக்கு புதிதல்ல. சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடமும் சந்தையும் போய் வந்தோம். இராணுவத்தின் ரி-56 துவக்கு எப்படி இருக்கும் என்று சின்னப் பிள்ளையும் கீறிக் காட்டக்கூடிய காலம் ஒன்று இருந்தது. ஆனாலும் "9 எம்.எம். பிஸ்டல் மீட்பு" என்று பத்திரிகையில் வந்த அன்று உவர்மலைப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடையில் காது கொடுத்துப் பாருங்கள். "அது ஒட்டோமெட்டிக், ஒருக்கா அமத்தினா உள்ள இருக்கிறது முழுக்கப் பறக்கும்" என்பார் ஒருவர். "மகசினைக் கழட்டிட்டா அது வெறும் இரும்பு" என்பார் அடுத்தவர். இரண்டும் பிழை. முதலாவது பிழையால் ஒருவருக்கும் சேதமில்லை. இரண்டாவது ஆளைக் கொல்லும்.

இதை எழுதக் காரணம் ஹூஸ்டனில் இருக்கும் மருமகன். அங்கே முதன்முறையாக ஒரு பிஸ்டல் வாங்கியிருக்கிறான். "புதுச்சாமான் மாமா, இருந்தும் இடைக்கிடை இறுகுது. கடைக்காரன் ஏமாத்திட்டானோ?" என்று கேட்டான். போட் எஞ்சின் திருத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா என்று நீங்கள் நினைக்கலாம். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறான். எஞ்சினும் பிஸ்டலும் அடிப்படையில் ஒரே வேலையைச் செய்கிற சாமான்கள்.

கரையில் ஓர் எஞ்சின்

திருக்கடலூர்க் கரையில் விடியற்காலையில் போட்டை இறக்கும்போது என்ன நடக்கிறது? எஞ்சினின் கயிற்றை ஒருவர் கையால் பலமாக இழுக்கிறார். உள்ளே எரிபொருள் வெடிக்கிறது. அந்த வெடிப்பு பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளிய பலத்தின் பெரும்பங்கு காற்றாடிக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் சிறு பங்கு புகையை வெளியே தள்ளி, புது எரிபொருளை உள்ளே எடுத்து, அதை அமுக்கி, அடுத்த வெடிப்புக்கு ஆயத்தம் செய்கிறது. அதற்குப் பிறகு கயிற்றை யாரும் தொடத் தேவையில்லை. ஒரு வெடிப்பே அடுத்ததற்கு வழி செய்துவிடுகிறது.

பிஸ்டலும் இப்படித்தான். முதல் தடவை மட்டும் மேல்பகுதியைக் கையால் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். அது கயிறு இழுப்பதற்குச் சமம். பிறகு சுட்ட ரவையின் பலத்தில் ஒரு சிறு பங்கே வெற்றுக்கோதை வெளியே எறிந்து, அடுத்த ரவையை உள்ளே தள்ளி, சுடுவதற்கு ஆயத்தமாக வைத்துவிடும்.

ஒரே ஒரு வித்தியாசம்தான். எஞ்சின் யாரையும் கேட்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பிஸ்டல் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நின்று, விரல் விசையை விட்டு மறுபடி இழுக்கும் வரை காத்திருக்கும். ஏற்றுவது தானாக, சுடுவது விரலால். அரைத் தன்னியக்கம் என்றால் இதுதான்.

அப்படியென்றால் ஒரு இழுப்புக்கு ஒரு வெடி என்பதுதான் இலக்கணமா? அதுவும் சரியில்லை. சுழலும் உருளையில் ரவைகளை வைக்கும் ரிவோல்வரிலும் ஒரு இழுப்புக்கு ஒரு வெடிதான். 1836 இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து இன்று வரை ரிவோல்வரின் உருளையைத் திருப்புவது ஆளுடைய கைப்பலம். விரலோ பெருவிரலோ அந்த வேலையைச் செய்கிறது. சுட்ட ரவையின் பலம் அடுத்ததை ஏற்ற உதவுகிறதா என்று பாருங்கள். உதவினால் அது தன்னியக்கக் குடும்பம். இல்லையென்றால் வேறு குடும்பம்.

ரவைக்குள் என்ன இருக்கிறது

நாங்கள் ரவை என்று சொல்லும் முழுச் சாமானில் நான்கு பாகங்கள் உண்டு. வெளியே பித்தளைக் கோது. அதன் வாயில் இறுக்கி வைத்த உலோக முனை. பறந்து போவது அது மட்டும்தான். கோதுக்குள் வெடிமருந்து. அடியில் தட்டினால் பற்றிக்கொள்ளும் ஒரு சிறு கிண்ணம். அதற்குப் பிரைமர் என்று பெயர்.

உலகில் அதிகம் புழங்கும் 9 மில்லிமீட்டர் ரவையில் முனையின் நிறை ஏறத்தாழ 8 கிராம். அதைத் தள்ளும் மருந்து அரைக் கிராமும் இல்லை. அந்தத் துளி மருந்து எரியும்போது கோதுக்குள் எழும் அழுத்தம் நாங்கள் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தைவிட 2,000 மடங்குக்கும் மேல். முனை விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

8 கிராம் அந்த வேகத்தில் முன்னுக்குப் போனால், அதே அளவு உதை பின்னுக்கும் வந்தே தீரும். பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி. வெறும் துவக்கில் அந்த உதை தோளையும் கையையும் நோகச் செய்வதோடு சரி. தன்னியக்கத் துவக்கில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

ஒரு சுற்று

பிஸ்டலின் மேல்பாதி முழுவதும் முன்னும் பின்னும் ஓடக்கூடிய ஒரு கனத்த இரும்புத்துண்டு. இதுதான் ஸ்லைடு. அதற்குள்ளே குழல். குழலின் பின்முனையில் ஒரு ரவை மட்டும் இறுக்கமாக இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதைச் சேம்பர் என்பார்கள். இந்தப் பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள், கட்டுரையின் மிச்சம் முழுவதும் அதைச் சுற்றித்தான். பிடிக்குள் செருகும் பெட்டி மகசின். அதன் அடியில் உள்ள சுருள்வில் ரவைகளை மேலே மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

விசையை இழுத்ததும் ஓர் ஊசி போய் பிரைமரைத் தட்டுகிறது. மருந்து எரிகிறது. முனை முன்னுக்கு, ஸ்லைடு பின்னுக்கு. ஆனால் ஸ்லைடு கனமானது. குழலும் ஸ்லைடும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், முனை 10 சென்ரிமீட்டர் நீளக் குழலைக் கடந்து வெளியேறும் நேரத்தில் ஸ்லைடு 2 மில்லிமீட்டர் அளவில்தான் நகர்ந்திருக்கும். இது நல்ல காரியம். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது பின்பக்கம் திறந்துவிட்டால் கோது வெடித்து முகத்துக்கு வரும்.

ஆகவே பெரும்பாலான 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டியபடியே சில மில்லிமீட்டர் சேர்ந்து பின்னால் வரும். அதற்குள் முனை போய்விடும், அழுத்தம் இறங்கிவிடும். பிறகு குழலின் பின்முனை சற்றுக் கீழே சாய்ந்து பூட்டு விடுபடும். குழல் நின்றுகொள்ள, ஸ்லைடு தன்பாட்டில் பின்னால் ஓடும். ஓடும்போது அதிலுள்ள சிறு கொக்கி வெற்றுக்கோதைப் பிடித்து இழுக்கும். கோது உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு இரும்பில் இடித்து வெளியே தெறிக்கும். ஊசிக்குரிய வில்லும் மறுபடி முறுக்கேறும். ஸ்லைடு கடைசி வரை போனதும் கீழே அமுங்கியிருந்த பெரிய சுருள்வில் அதை முன்னுக்குத் தள்ளும். வரும் வழியில் மகசினின் மேலே காத்திருக்கும் ரவையை ஸ்லைடு உரசித் தள்ளிக்கொண்டு போய்ச் சேம்பருக்குள் அடைக்கும். பூட்டு விழும். நிற்கும்.

இவ்வளவும் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது கோது தெறிப்பது மட்டும்தான்.

சுருக்கிச் சொன்னால்: வெடிப்பு, பூட்டு விடுபடுதல், கோது வெளியே, அடுத்தது சேம்பருக்குள், பூட்டு. சுற்று முடிந்து பிஸ்டல் நிற்கும்போது சேம்பருக்குள் ஒரு ரவை ஏற்கெனவே போயிருக்கும்.

இவ்வளவு காலம் ஏன் வரவில்லை

தானாக ஏற்றும் துவக்கு முன்னமே வராததற்குக் கறுப்பு மருந்துதான் காரணம். தம்பலகாமத்து வயல்காரரிடம் குழல்வாய் வழியே மருந்து இடித்து ஏற்றும் இடியன் துவக்கைப் பற்றிக் கேட்டால் சொல்வார்கள், சில வெடிக்குப் பிறகு குழலைத் துடைக்காவிட்டால் கரி அப்பிவிடும். கரி அப்பிய இடத்தில் நுணுக்கமான பாகங்கள் ஓடாது. 1884 இல் பிரான்சில் போல் வியெய் புகையில்லா மருந்தைச் செய்த பிறகுதான் வழி திறந்தது. அதே காலத்தில் ஹைரம் மாக்சிம் பின்னுதையைக் கொண்டே தானாக ஏற்றிச் சுடும் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தார். 1893 இல் போர்ஷார்ட், 1896 இல் மவுசர் என்று கைக்கு அடங்கும் பிஸ்டல்களும் வந்தன.

ஆனால் இன்று நாம் பார்க்கும் உருவத்தைத் தந்தவர் ஜோன் பிரவுணிங் என்ற அமெரிக்கர். குழலைச் சாய்த்துப் பூட்டும் வழி அவருடையது. அவர் வடிவமைத்த 1911 என்ற பிஸ்டலை அமெரிக்க இராணுவம் அதே ஆண்டில் ஏற்று 1985 வரை பிரதான பிஸ்டலாக வைத்திருந்தது. 1982 இல் ஒஸ்திரிய இராணுவம் தெரிவுசெய்த, பிளாஸ்டிக் உடல் கொண்ட கிளொக் 17 கூட உள்ளே அவருடைய வழியில்தான் பூட்டுகிறது. 1914 இல் சரயேவோவில் இளவரசர் ஃபெர்டினாண்டைச் சுட்டு முதலாம் உலகப்போருக்குத் திரிவைத்த சிறு பிஸ்டலும் பிரவுணிங்கின் வடிவமைப்பே. மனிதர் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டாரோ!

அரையும் முழுவதும்

ரி-56 இன் வலப்பக்கத்தில் நீட்டான ஓர் இரும்பு நெம்பு இருக்கும். எத்தனையோ வருடம் அதைப் பக்கத்தில் பார்த்தோம், எதற்கென்று கேட்கிற நிலைமையில் நாங்கள் இருக்கவில்லை. மேலே இருந்தால் பூட்டு. நடுவில் தொடர்வெடி. கீழே ஒற்றை வெடி. அதாவது ஒரே துவக்கு நடுவில் முழுத் தன்னியக்கம், கீழே அரைத் தன்னியக்கம்.

தொடர்வெடியில் விரல் அமர்ந்திருக்கும் வரை சுற்று நிற்காது. ரி-56 நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 என்ற வேகத்தில் சுடும். மகசினில் உள்ள 30 ரவையும் மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். ஒற்றை வெடியில், ஒவ்வொரு சுற்றிலும் விசைக்கும் ஊசியை அடிக்கும் சுத்தியலுக்கும் இடையிலான தொடர்பு அறுந்து, விரலை விட்டால்தான் மறுபடி கொழுவும். கடைகளில் விற்கும் பிஸ்டல்களில் இந்த அறுப்பு எப்போதும் உண்டு. நெம்பைத் தட்டி மாற்ற வழியில்லை.

"அமெரிக்காவில கடைக்குப் போய் மெஷின் கன் வாங்கலாமாம்" என்ற கதையும் இங்கே ஓடுகிறது. முழுத் தன்னியக்கத் துவக்குகளுக்கு அங்கே 1934 இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. 1986 இற்குப் பிறகு புதிதாகப் பதிவாகும் எதையும் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. மருமகன் வாங்கியது அரைத் தன்னியக்கம்.

மகசினைக் கழற்றினால்…

வீடியோ கோலில் அவன் பிஸ்டலைத் தூக்கிக் காட்டினான். மகசின் மற்றக் கையில்.

"இஞ்ச பாருங்கோ மாமா, காலிதான். கழட்டிட்டன்."

"ஸ்லைடை இழுத்துப் பாத்தனியோ?"

"அதுதான் மகசின் கையில கிடக்கே."

"மருமோன், குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பு முதல். பிறகு இழுத்துக் காட்டு பாப்பம்."

இழுத்தான். ஒன்றும் விழவில்லை. ஆனால் இழுக்கும் வரை அது அவனுக்குத் தெரியாது. தனக்குத் தெரியாது என்பதும் தெரியாது.

போட் எஞ்சினில் தாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எஞ்சின் உடனே நிற்காது. கார்பரேட்டருக்குள் ஏற்கெனவே போய்விட்ட எண்ணெயில் கொஞ்ச நேரம் ஓடும். மகசின் தாங்கி. சேம்பரில் இருப்பது உள்ளே போய்விட்ட எண்ணெய். முன்னே சொன்ன சுற்றின் கடைசிப் படியை நினைத்துப் பாருங்கள்: ஸ்லைடு முன்னே வந்து நிற்கும்போது ஒரு ரவை மகசினை விட்டு வெளியேறிச் சேம்பருக்குள் இருக்கிறது. மகசினைக் கழற்றினால் அந்த ஒன்றுக்கு ஒன்றும் நடக்காது. வெளியே இருந்து பார்க்கக் காலித் துவக்கு போலவே இருக்கும். விசையை இழுத்தால் வெடிக்கும்.

மகசின் இல்லாவிட்டால் சுடாதபடி தடை வைத்த பிஸ்டல்கள் சில உண்டு. 1935 இல் வந்த பிரவுணிங் ஹை-பவர் அதற்கு உதாரணம். கிளொக் போன்ற பலவற்றில் அந்தத் தடை இல்லை. ஆகவே எந்தப் பிஸ்டலாக இருந்தாலும் தடை இல்லை என்று எண்ணிப் பழகுவதே புத்தி. சேஃப்டி நெம்பு இருந்தாலும் அது விசையைத் தடுக்குமே தவிர ரவையை வெளியே எடுக்காது. சில பிஸ்டல்களில் அந்த நெம்பே கிடையாது.

காலியாக்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதைத் தலைகீழாக்கக் கூடாது. குழல் ஆளில்லாத திசையில். விரல் விசைக்கு வெளியே. முதலில் மகசினைக் கழற்ற வேண்டும். பிறகுதான் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், சேம்பரில் இருந்தது தெறித்து விழும். ஸ்லைடைப் பின்னாலேயே நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, இருட்டாக இருந்தால் சுண்டுவிரலாலும் தடவிப் பார்க்க வேண்டும்.

தலைகீழாகச் செய்தால் என்ன? ஸ்லைடை முதலில் இழுக்கிறீர்கள். ரவை ஒன்று வெளியே விழுகிறது. "சரி, எடுத்தாச்சு" என்று மனம் சொல்லும். கையை விட்டதும் ஸ்லைடு முன்னே வரும், வரும்போது மகசினின் அடுத்த ரவையைச் சேம்பருக்குள் அடைத்துவிட்டே வரும். அதற்குப் பிறகு மகசினைக் கழற்றுகிறீர்கள். ஒரு கையில் மகசின், நிலத்தில் ஒரு ரவை, இரண்டு சாட்சியும் "காலி" என்கின்றன. சேம்பரில் ஒன்று இருக்கிறது. துடைக்கும்போது வெடித்தது என்று கேள்விப்படும் கதைகள் பலவற்றின் பின்னால் இந்த வரிசைப் பிழை இருக்கக்கூடும். கிளொக் போன்ற சிலவற்றைத் துடைப்பதற்காகக் கழற்றும்போது முதல் படியாக விசையை இழுத்தேயாக வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சுருக்கம்: முதலில் மகசின், பிறகு ஸ்லைடு, பிறகு கண். நல்ல கடைக்காரர் ஸ்லைடைப் பின்னே நிறுத்திச் சேம்பரைத் திறந்து காட்டித்தான் பிஸ்டலைக் கையில் தருவார். வாங்குகிறவரும் அவர் பார்த்தது போதும் என்று விடாமல் தானும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பினால் எஃப்.பி.ஐ.யின் உடனடிப் பின்னணிச் சோதனை நடக்கும். 1998 இலிருந்து இந்த முறை உள்ளது. கலிபோர்னியாவில் அதற்கு மேல் 10 நாள் காத்திருக்க வேண்டும். படிப்பு விசா, வேலை விசாவில் இருப்பவர்களுக்கு மிகச் சில விதிவிலக்குகள் தவிர அனுமதியில்லை. சிநேகிதனுக்காக வாங்கிக்கொண்டு, எனக்குத்தான் என்று படிவத்தில் பொய் எழுதுவது கடும் குற்றம்.

தெரிவுசெய்யும்போது எல்லோரும் விடும் பிழை ஒன்று: "எனக்குச் சின்னக் கை, சின்னப் பிஸ்டல் போதும்." ஒரே ரவைதான் என்றால் பின்னுதையும் ஒன்றே. அதைத் தாங்கும் நிறை பாதியானால், பிஸ்டல் கையை நோக்கி வரும் வேகம் இரண்டு மடங்காகும். 1911 வெறுமையாகவே 1.1 கிலோ, கிளொக் 17 ரவை நிரம்பினாலும் 0.9 கிலோ. சட்டைப்பைக்குள் அடங்கும் குட்டிகள் அதிலும் பாதிதான். பழகுகிறவருக்கு அவை மிகக் கஷ்டம். முதல் பிஸ்டல் நடுத்தரமாக, கொஞ்சம் கனமாக இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பிடித்துப் பார்க்கும்போது சுட்டுவிரலின் முதல் மூட்டுக்குள் விசை அகப்படுகிறதா, ஸ்லைடை ஒரே இழுவையில் கடைசி வரை கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள். இழுக்க முடியாத ஸ்லைடு உள்ளவருக்குக் காலியாக்கிப் பார்க்கவும் முடியாது. நிறமும் பெயரும் பிறகு.

பழக்கம் வரும் வரை

இப்போது மருமகனின் கேள்விக்கு வருவோம். புதுப் பிஸ்டல் ஏன் இறுகுகிறது?

புது எஞ்சினை முதல் சில மணித்தியாலங்கள் முழு வேகத்தில் ஓட விடமாட்டோம். பாகங்கள் ஒன்றோடொன்று உரசி இடம் பிடிக்க வேண்டும். பிஸ்டலிலும் அப்படி ஒரு காலம் உண்டு. ஸ்லைடு ஓடும் தவாளிப்பு கரடுமுரடாக இருக்கும், சுருள்வில்லும் மகசின் வில்லும் விறைப்பாக இருக்கும், தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் பூசிய கெட்டி எண்ணெய் உள்ளே அப்பியிருக்கும். முதலில் அதைத் துடைத்து, கையேட்டில் காட்டிய இடங்களில் மட்டும் துளித்துளியாக எண்ணெய் விட வேண்டும். 1911 வகையில் இறுக்கமாகப் பொருத்தியவற்றுக்குச் சில நூறு ரவை சுடும் வரை பொறுக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. ஆனால் இன்றைய பிளாஸ்டிக் உடல் பிஸ்டல் நூற்றுக்கணக்கில் சுட்ட பிறகும் இறுகினால் அதைப் "பழகுகிறது" என்று சமாளிக்கக் கூடாது. மகசினை மாற்றிப் பாருங்கள், ரவை வகையை மாற்றிப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். சுடுகிறவரின் மணிக்கட்டு. ஸ்லைடு முழுத் தூரமும் ஓட வேண்டுமானால் கீழ்ப்பாதி அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் முழுப் பிஸ்டலும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும். ஸ்லைடு பாதி வழியில் பலமிழந்து திரும்பும், வெளியேற வேண்டிய கோது வாசலில் குத்தென அகப்பட்டு நிற்கும். மருமகனிடம் படம் அனுப்பச் சொன்னேன். கோது அப்படியே புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. கடைக்காரன் ஏமாற்றவில்லை. பிடியை உயர்த்தி, ஸ்லைடுக்குப் பின்னால் பெருவிரல் அகப்படாமல், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

இறுகும் விதங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சுற்றில் எந்தப் படி நின்றது என்று கேட்டால் போதும். கோது வெளியே வரவில்லையா, அடுத்தது உள்ளே போகவில்லையா, பூட்டு முழுதாக விழவில்லையா? ஆனால் இரண்டு சந்தர்ப்பங்களில் அவசரம் கூடாது. விசையை இழுத்தும் "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தால் குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடியாவது பொறுங்கள். மருந்து தாமதித்துப் பற்றக்கூடும். வழக்கமான வெடிக்குப் பதிலாக "புஸ்" என்று மெலிந்த சத்தம் கேட்டால் சுடுவதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். முனை குழலுக்குள் அடைபட்டிருக்கலாம், அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

இலக்குத் தப்புவதற்கும் பெரும்பாலும் பிஸ்டல் காரணமில்லை. சத்தம் வரப் போகிறது என்று தெரிந்து உடம்பு முன்கூட்டியே சுருங்கும், குழலின் வாய் கீழே போய்விடும். இதற்குப் பரிகாரம் வெற்றுப் பயிற்சி. பிஸ்டலைக் காலியாக்கி, ரவைகளை வேறு அறையில் வைத்துவிட்டு, கையேடு அனுமதித்தால் போலி ரவை போட்டு, விசையை மெதுவாக இழுத்துப் பழகுவது. சுடும் இடத்தில் காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். ஒரு பிஸ்டல் வெடியின் உச்சம் 160 டெசிபலை எட்டும், 140 தாண்டினாலே காது நிரந்தரமாகக் கெடலாம். சூடான கோது கழுத்துப்பட்டிக்குள் விழுந்து துள்ளும் ஆட்களும் உண்டு, துள்ளும்போது பிஸ்டல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. கழுத்தை மூடிய சட்டை போடுங்கள்.

இங்கே, மற்ற ஊர்களில்

இலங்கையில் இதெல்லாம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். 1996 இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். உரிமத்தை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்து விவசாயிகள் பன்றிக்கும் யானைக்கும் பயந்து பயிர்ப் பாதுகாப்புக்கென வைத்திருப்பது பெரும்பாலும் "பன்னிரண்டு போர்" (12 bore) என்ற குழல் அளவுள்ள வேட்டைத்துவக்கு. பிஸ்டல் வேறு கதை. தனிப்பட்ட பாதுகாப்புக்காகக் கொடுத்த துவக்குகளைக்கூட மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு 2024 இன் இறுதியில் உத்தரவிட்டது.

எங்கள் ஆட்கள் இருக்கும் மற்ற நாடுகளிலும் ஒரே சட்டமில்லை. பிரித்தானியாவில் 1996 டன்பிளேன் பள்ளிக்கூடப் படுகொலைக்குப் பிறகு, 1997 இல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுதாகத் தடை செய்தார்கள். கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் உறைநிலையில், மிகச் சிலருக்கே விலக்கு. ஆகவே ஹூஸ்டன்காரர் சொல்வதைக் கேட்டு ரொறன்ரோவில் கடை தேடாதீர்கள்.

மருமகன் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வரப்போகிறான். சுடப் பழகும் இடத்துக்குக் கொண்டுபோகும் தோள்பையைப் பயணத்துக்குப் பாவிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பைகளின் மூலையில் ஒரு ரவை தங்கியிருப்பது சாதாரணம். கட்டுநாயக்கவில் எக்ஸ்ரே இயந்திரம் அதைப் பிடித்தால், துவக்கு இல்லாமல் தனி ரவையாக இருந்தாலும் அது அனுமதியில்லாத வெடிபொருள்தான். வேறு பை வாங்கச் சொன்னேன், வாங்கிவிட்டானாம்.